சந்தா பாக்கி: நிறுத்தும் முறையும் திறக்கும் முறையும்



"கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தே கடன் நோட்டு எழுதுகிறவர்கள் நாம். நெய்வேலியில் கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை. சம்பளம் வரும் வரை சரக்கு போகும். சம்பளம் வந்ததும் பணம் வரும். டவுன்ஷிப் வட்டங்களிலும், மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து பகுதிகளிலும் இதுவே வழக்கம். யாருக்கு எவ்வளவு விடுவது, எப்போது கையை இறுக்குவது, பணம் வந்ததும் எப்படித் தளர்த்துவது என்பதை நாம் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. கல்லாப்பெட்டிதான் கற்றுக் கொடுத்தது.

இப்போது அதே கேள்வி வேறு உருவத்தில் நம் கடைக்குள் வந்திருக்கிறது. பில் போடும் சாப்ட்வேரை முன்பு ஒருமுறை விலை கொடுத்து வாங்கினோம். அது நம் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. விற்றவர் நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. இன்று பல சாப்ட்வேர்கள் கிளவுட் முறைக்குப் போய்விட்டன. அதாவது, சாப்ட்வேரும் நம் கணக்கும் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். நாம் இன்டர்நெட் வழியாகத் திறந்து வேலை செய்வோம். அதற்கு மாதச் சந்தா அல்லது வருடச் சந்தா கட்டுவோம். சந்தா வரவில்லை என்றால், கம்பெனிக்காரர் இருந்த இடத்திலிருந்தே நம் கணக்கைப் பூட்டலாம். கட்டியபின் திறந்தும் விடலாம்.

இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பக்கமும் நின்றவர்கள். மொத்த மளிகை வியாபாரத்தோடு, எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைகளுக்குப் பில் சாப்ட்வேரையும் சில ஆண்டுகளாகச் சந்தா முறையில் ஏற்பாடு செய்து தருகிறோம். ஏறத்தாழ அறுபது கடைகள். மாதம் ரூ.400, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ரூ.472. சிறிய தொகைதான். ஆனால் அந்தச் சிறிய தொகையை வைத்து எவ்வளவு பெரிய தவறு செய்ய முடியும் என்பதை நாங்கள் செய்தே தெரிந்துகொண்டோம். அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

சம்பள நாளில் விழுந்த பூட்டு

எங்களிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர். நூறு குடும்பங்களுக்குமேல் மாதப் பற்று வைத்திருப்பவர். முன்பு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை நாங்கள்தான் வற்புறுத்திச் சாப்ட்வேருக்கு மாற்றினோம். "நோட்டு தொலையும், மழையில் நனையும், இது தொலையாது" என்று சொன்னதும் நாங்கள்தான். அவரும் நம்பி நோட்டை விட்டுவிட்டார்.

மூன்று மாதச் சந்தா பாக்கியானால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி நாங்கள் அமைத்து வைத்திருந்தோம். அவருடைய மூன்றாவது மாதம் முடிந்தது. பூட்டு விழுந்த நாள், சம்பளம் வந்த மறுநாள்.

அன்று மாலை பணத்தோடு வந்தவர்களுக்கு, "உங்கள் பாக்கி இவ்வளவு" என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. சிலர் தாங்களாகவே சரியான தொகையைச் சொல்லிக் கட்டினார்கள். சிலர் உத்தேசமாக ஒரு தொகை கொடுத்தார்கள். சிலர், "கம்ப்யூட்டர் சரியானதும் வருகிறோம்" என்று திரும்பிப் போனார்கள். சம்பளப் பணம் அன்று கைக்கு வராவிட்டால் மறுநாள் அது சீட்டுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், வேறு கடைக்கும் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா?

இரவு கடை சாத்திவிட்டு எங்கள் மண்டிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மேசைமேல் பணத்தை எண்ணி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அய்யா, உங்க பாக்கி ஆயிரத்து நானூத்திப் பதினாறு ரூபா. அதுக்காக என் கடை பாக்கி பூராவையும் பூட்டிட்டீங்களே?"

பத்து நிமிடத்தில் திறந்து கொடுத்தோம். ஆனால் சம்பள நாள் மாலை திரும்பவில்லை. அவர் கணக்குப்படி ஒன்பதாயிரம் ரூபாய் அளவுக்கு அந்த மாதம் வர வேண்டியது வரவில்லை. அதில் பாதி பிறகும் வரவில்லை.

விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. வங்கியில் அவருக்குப் புது கார்டு கொடுத்திருக்கிறார்கள். பழைய கார்டில் பதிந்து வைத்த மாதப் பிடித்தம் அதோடு நின்றுவிட்டது. பணம் பிடிபடவில்லை என்ற செய்திகள் எல்லாம் அவர் பயன்படுத்தாத பழைய போன் எண்ணுக்குப் போயிருக்கின்றன. சந்தா ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்றே அவர் நினைத்திருந்தார். வாரம் இருமுறை எங்கள் மண்டிக்கு வந்து சரக்கு எடுத்தவர் அவர். அந்த மூன்று மாதத்தில் "தம்பி, சந்தா நிற்கிறது" என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லவில்லை. மெஷின் சொல்லியிருக்கும் என்று இருந்துவிட்டோம்.

சரக்குக் கடனும் சந்தாக் கடனும் ஒன்றல்ல

சரக்குக் கடனில், கொடுத்த மூட்டை போய்விட்டது. இனிமேல் கொடுப்பதில்லை என்று சொல்வதுதான் நம் கையில் இருப்பது. கடைக்காரரிடம் மீதியிருக்கும் பருப்பையும் எண்ணெயையும் நாம் போய்ப் பூட்டுவதில்லை. அவர் அதை விற்றுத்தான் நமக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

சந்தா அப்படி இல்லை. சாப்ட்வேர் நம்முடையது, ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு அவருடையது. நம் குடோனில் ஒருவர் தன் பெட்டியை வைத்திருப்பது போன்றது இது. வாடகை பாக்கி என்று குடோன் கதவைப் பூட்டினால், அவர் பெட்டியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன? அவருக்கு வர வேண்டிய பாக்கி, அவர் கட்ட வேண்டிய பாக்கி, இருப்புச் சரக்கு, வரிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம், அதாவது ஆறு ஆண்டு, பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது "சந்தா பாக்கி, அதனால் கணக்கு இல்லை" என்று சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் கற்ற பாடம் இதுதான்: சேவையை நிறுத்தலாம்; கணக்கைப் பிடித்து வைக்கக்கூடாது. நிறுத்துவதும் படிப்படியாக இருக்க வேண்டும். திறப்பது மட்டும் உடனே நடக்க வேண்டும்.

பணம் வராததற்கு மூன்று காரணங்கள்

பாக்கி என்றதும் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

முதல் வகை, கட்டியதாக நினைத்துக்கொண்டிருப்பவர். 2021 அக்டோபர் 1 முதல், கார்டு மூலம் மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் கடுமையாகிவிட்டன. முதலில் பதியும்போது வாடிக்கையாளர் கூடுதல் சரிபார்ப்புச் செய்து அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அவருக்குத் தகவல் போக வேண்டும். மறுபடி சரிபார்க்காமல் பிடிக்கக்கூடிய தொகை முதலில் ரூ.5,000 ஆக இருந்தது. 2022 ஜூனில் ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் கார்டு மாறினாலும், கணக்கில் அன்று பணம் குறைந்தாலும், போன் எண் மாறினாலும் பிடித்தம் தவறிப்போக இடம் உண்டு. 2020-இல் வந்த யு.பி.ஐ. ஆட்டோபே முறையிலும் கணக்கில் பணம் இல்லாவிட்டால் இதே கதைதான். எங்கள் அனுபவத்தில் முதல் மாதம் தவறுபவர்களில் பெரும்பாலோர் இந்த வகையே. ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, கட்ட மனமிருந்தும் முடியாதவர். நம் ஊர் வியாபாரம் என்.எல்.சி. சம்பளத்தோடு பிணைந்தது. 2023 ஜூலைக் கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்களை நம்பிய கடைகளுக்கு வரவு குறைந்தது; பற்று மட்டும் ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரரின் பற்று வரவுக் கணக்கைப் பூட்டினால், அவர் வசூல் செய்யும் வழியையே அடைக்கிறோம். அவருக்கு வசூல் இல்லாவிட்டால் நமக்கும் இல்லை.

மூன்றாவது வகை, கட்ட மனமில்லாதவர். இவர்களும் உண்டு. இவர்களிடம் தயங்கினால், ஒழுங்காகக் கட்டுகிற ஐம்பது பேருக்கு நாம் துரோகம் செய்கிறோம். நிறுத்தும் முறை இவர்களுக்காகத்தான். முதல் இரண்டு வகையினர் இதில் தெரியாமல் அகப்பட்டுக்கொள்ளாதபடி முறையை அமைக்க வேண்டும்.

நம் ஊர் மின்சாரம் சொல்லும் பாடம்

வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சுரங்கத்தில் எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின் வினியோக அமைப்புகள் வாங்குகின்றன. மின்சாரம் கொடுத்தவருக்குப் பணம் ஒழுங்காக வருவதில்லை என்பது நாடு முழுவதும் பழைய வியாதி. கோடிக்கணக்கான பாக்கி. அதற்காக ஒரு மாநிலத்தையே ஒரே நாளில் இருட்டாக்க முடியுமா? முடியாது. ஆகவே மத்திய அரசு படிப்படியான ஒரு முறையைக் கொண்டுவந்தது.

2019 ஆகஸ்ட் 1 முதல், வாங்குகிற வினியோக அமைப்பு முன்கூட்டியே வங்கிக் கடன் உறுதிக் கடிதம் போன்ற பணப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று விதித்தார்கள். 2022 ஜூன் 3-இல் தாமதக் கட்டண விதிகள் வந்தன. அதுவரை சேர்ந்த பழைய பாக்கியைத் தனியே ஒதுக்கி, தொகைக்கு ஏற்ப அதிகபட்சம் 48 மாதத் தவணையில் கட்ட அனுமதித்தார்கள். புதிய பாக்கிக்கு மட்டும் கண்டிப்பு. பில் கொடுத்து இரண்டரை மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், முதலில் மின்சந்தையில் குறுகிய காலக் கொள்முதல் செய்யும் உரிமை நிற்கும். இன்னும் ஒரு மாதம் போனால், நீண்டகால ஒப்பந்த மின்சாரத்தில் 10 சதவீதம் குறையும். அதற்கு மேலும் கட்டாவிட்டால் மாதத்துக்குப் பத்துப் பத்து சதவீதமாகக் கூடும். பாக்கி கட்டியதும் ஒரு நாளைக்குள் பழையபடி திறந்துவிட வேண்டும்.

இது ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில், பாக்கி காரணமாக 13 மாநிலங்களின் வினியோக அமைப்புகள் மின்சந்தையில் வாங்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. அதில் தமிழ்நாடும் ஒன்று. வீடுகளில் விளக்கு அணையவில்லை; சந்தைக் கதவு மட்டும் சாத்தப்பட்டது. பாக்கியைக் கட்டிய மாநிலங்களின் பெயர்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்டன.

இதில் நமக்கு நான்கு பாடங்கள் உண்டு. ஒன்று, முன்பணம் வாங்கிக்கொண்டு தொடங்கு. இரண்டு, பழைய பாக்கியையும் புது பாக்கியையும் கலக்காதே. மூன்று, உயிர்நாடியை விட்டுவிட்டு வசதியை முதலில் நிறுத்து. நான்கு, கட்டியவனைக் காக்க வைக்காதே.

ஜி.எஸ்.டி.யிலும் இதே வழிதான். இரண்டு வரிக் காலத்துக்கு 3-பி ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவருக்கு இ-வே பில் எடுக்கும் வசதி நின்றுவிடும். இது 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவு உடனே ரத்தாவதில்லை. பழைய கணக்கு மறைவதில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பக்கமும் மூடுவதில்லை. அதையும் மூடிவிட்டால் அவர் எப்படிக் கட்டுவார்? தாக்கல் செய்ததும் வசதி திரும்பிவிடும். நமக்குச் சலிப்புத் தரும் விதிதான். ஆனால் அதன் அமைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது.

நாங்கள் இப்போது பின்பற்றும் முறை

மேற்சொன்னவற்றை வைத்து எங்கள் அளவுக்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி.

1. தொடங்கும்போதே இரண்டு மாதச் சந்தா முன்பணம். கடைக்காரர் எப்போது விலகினாலும் திருப்பித் தந்துவிடுவோம்.

2. தவணைக்கு ஐந்து நாள் முன்பு போனுக்குச் செய்தி.

3. தவறிய மூன்றாம் நாள் நேரில் அல்லது போனில் பேச்சு. செய்தி அனுப்புவது பேசியதாகாது. "ஏன் கட்டவில்லை" என்று கேட்பதில்லை. "பணம் பிடிபடவில்லை, கார்டு ஏதும் மாறியதா?" என்று கேட்கிறோம். முதல் வகையினர் இங்கேயே கழிந்துவிடுகிறார்கள்.

4. பதினைந்தாம் நாள் தமிழில் எழுதிய நோட்டீஸ். எந்தத் தேதியில் எது நிற்கும், எது நிற்காது, கணக்கை எப்படிப் பிரதி எடுத்துக்கொள்வது என்ற விவரங்கள் அதில் இருக்கும். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம்.

5. முப்பதாம் நாள், கூடுதல் வசதிகள் நிற்கும். இரண்டாவது ஆள் உள்ளே வருவது, போனில் விற்பனை விவரம் பார்ப்பது போன்றவை. பில் போடலாம்.

6. நாற்பத்தைந்தாம் நாள், புதிய விற்பனைப் பில் நிற்கும். ஆனால் பழைய கணக்கைப் பார்க்கலாம், அச்செடுக்கலாம். முக்கியமாக, வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வரவு வைக்கும் பக்கம் திறந்தே இருக்கும். அவர் வசூல் செய்தால்தான் நமக்குக் கட்டுவார்.

7. ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், முழுக் கணக்கையும் பென் டிரைவில் எடுத்து அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியபின் சந்தாவை முடிக்கிறோம். பிரதி கொடுக்காமல் எதையும் அழிப்பதில்லை.

நிறுத்தும் தேதியிலும் கவனம் தேவை. மாத முதல் வாரம் சம்பள வாரம். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3-பி. காலாண்டு முறையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3-பி நாள் 22. ஆகவே விற்பனைப் பில்லை நிறுத்துவது மாதத்தில் 23 முதல் 27 தேதிக்குள் மட்டும். சனி, ஞாயிறு இல்லை; தீபாவளி, பொங்கலுக்கு முந்திய பத்து நாட்களில் இல்லை. தானாகப் பூட்டும் அமைப்பை எடுத்துவிட்டோம். பட்டியலை மெஷின் தரும். பொத்தானை ஆள்தான் அழுத்த வேண்டும்.

"இவ்வளவு பொறுத்தால் நமக்கு நஷ்டம் இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடை பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நாங்கள் மேலே கம்பெனிக்குக் கட்டியாக வேண்டும். ஆனால் கணக்குப் பாருங்கள். நாற்பத்தைந்து நாளில் நாங்கள் இழக்கக்கூடியது இரண்டு மாதச் சந்தா, ரூ.944. அதற்கு முன்பணம் கையில் இருக்கிறது. நாங்கள் அவசரப்பட்டுப் பூட்டியதில் கடைக்காரர் இழந்தது ஒன்பதாயிரம். அவர் எங்களை விட்டு வேறு மண்டிக்குப் போயிருந்தால் எங்களுக்கு நஷ்டம் அதைப் போலப் பல மடங்கு.

திறக்கும்போது கவனிக்க வேண்டியவை

நிறுத்துவதற்குப் பல விதி வைத்திருப்பவர்கள் திறப்பதற்கு ஒன்றும் வைத்திருப்பதில்லை. பணம் கட்டிவிட்டு, "நாளை அலுவலகம் திறந்ததும் பார்க்கிறோம்" என்ற பதிலோடு காத்திருப்பவரின் மனநிலை நமக்குத் தெரியும். எங்கள் வழக்கம் இது:

பணம் வந்த அன்றே, கூடுமானால் அந்த மணி நேரத்திலேயே திறக்கிறோம். இரவு எட்டு மணி வரை இதற்கு ஒருவர் பொறுப்பு. பாதிப் பணம் கட்டி மீதிக்குத் தேதி சொன்னாலும் திறக்கிறோம், தேதியை எழுதிக்கொள்கிறோம். பழைய சந்தா விலையே தொடரும். மறுபடி திறக்கத் தனிக் கட்டணம் இல்லை. திறந்தபின் அவரையே ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். வங்கிப் பிடித்தத்தைப் புதிதாகப் பதிந்துவிட்டாரா என்றும் பார்க்கிறோம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே கதை. ஓர் ஆண்டில் மூன்று முறை தவறுபவர் மட்டும் மூன்று மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

விற்பனைப் பில் நின்ற நாட்களுக்குச் சந்தா வாங்குவதில்லை. சேவை நின்ற மாதத்துக்குப் பில் போடுவதுமில்லை. இதில் வரிக் காரணமும் உண்டு. பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத வரியை நாம் கட்ட வேண்டும். பின்னால் வராக்கடன் என்று எழுதிவிட்டாலும் கட்டிய வரி திரும்பாது. வாங்குகிறவருக்கும் ஒன்று: உள்ளீட்டு வரி எடுத்துக்கொண்டு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், எடுத்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கட்டியபின் அந்த வரியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இது சந்தாவுக்கு மட்டுமல்ல, மூட்டைச் சரக்குக்கும் பொருந்தும்.

நாம் சந்தா கட்டுகிறவராக இருக்கும்போது

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டுகிற பக்கம் இருப்பவர்கள். "நான்தான் ஒழுங்காகக் கட்டுகிறேனே" என்று இருந்துவிடக்கூடாது. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறு காரணமாகச் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் அவை திரும்பி வந்தன. 2025 ஜூலையில், ஐரோப்பிய நாடுகளின் தடையைத் தொடர்ந்து நயாரா எண்ணெய்க் கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் சேவை நின்றது. முழுப் பணமும் கட்டியிருந்தும் நிறுத்திவிட்டார்கள் என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் சேவை திரும்பியது. அவர்களுக்கு அரசும் நீதிமன்றமும் கேட்டன. வட்டத்துக்குள் மளிகைக்கடை வைத்திருப்பவர் எங்கே போவார்?

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பணம் தவறினால் எத்தனை நாளில் நிறுத்துவீர்கள்? நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? தற்காலிகமாக நிறுத்துவதற்கும் ரத்து செய்வதற்கும் உங்களிடம் என்ன வேறுபாடு. ரத்தானால் எத்தனை நாளில் கணக்கு அழியும்? கடையை இரண்டு மாதம் மூட நேர்ந்தால் சந்தாவை நிறுத்திவைத்துப் பிறகு தொடர வசதி உண்டா? கணக்கை எக்செல் வடிவில் நானே எடுத்துக்கொள்ள முடியுமா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

பதில் எதுவானாலும், மாதக் கடைசியில் இரண்டு காரியம் செய்யுங்கள். முழுக் கணக்கையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். பற்று வரவுப் பட்டியலை மட்டும், பெயரும் பாக்கியும் உள்ள இரண்டு மூன்று தாள்களாக அச்சடித்துக் கல்லாவில் வையுங்கள். கார்டு மாறினாலும் போன் எண் மாறினாலும் அன்றே சாப்ட்வேர்க்காரருக்குச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அந்தக் கடைக்காரர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். அந்த மாதம் அவருக்கு வராமல் போனதில் ஒரு பகுதியைச் சரக்கில் ஈடு செய்கிறோம் என்றோம். "வேண்டாம் அய்யா, அடுத்த தடவை ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். ஆறு மாதச் சந்தாவை மட்டும் தள்ளிக் கொடுத்தோம். சாப்ட்வேரில்தான் பில் போடுகிறார். ஆனால் நீள நோட்டு மறுபடி அவர் கல்லாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடை கடையாக இப்படி அனுபவப்பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. சந்தா சாப்ட்வேர் வாங்கும் உறுப்பினர்களுக்காக, நிறுத்தும் கெடு, கணக்குப் பிரதி, திறக்கும் நேரம் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைச் சங்கம் தமிழில் தயாரித்துக் கொடுக்கலாம். விற்கிறவர்கள் அதில் கையெழுத்திட்டால் வாங்குவோம் என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் அவர்களும் கேட்பார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் சந்தா எடுத்திருக்கும் கடைகளுக்கு அந்த ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து எங்களுடையதாக இருக்கும்.